ஆறு வற்றிய ஆண்டின் காய்ச்சல்

1934ஆம் ஆண்டு இலங்கையில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. அரநாயக்க மலைகளின் ஓடைகளை வாங்கிக்கொண்டு மாவனல்லை, பின்னவல, அலவ்வ, கிரியுல்ல என்று இறங்கி, கொச்சிக்கடைப் பக்கம் கடலில் சேரும் மகா ஓயா ஓட்டம் குன்றிப்போனது. மணல்மேடுகளுக்கும் பாறைகளுக்கும் இடையே குட்டை குட்டையாகத் தண்ணீர் தேங்கியது. களனி கங்கைக்கும் தெதுறு ஓயாவுக்கும் அதே கதிதான். தேங்கியது அழுக்கு நீரும் அல்ல. வெயில் படும், அடிமணல் தெரியும் தெளிந்த நீர். அனோபிலிஸ் குலிசிபேசிஸ் என்ற நுளம்பு முட்டையிடத் தேடி அலைவது இப்படிப்பட்ட நீரைத்தான். மழை பெய்து ஆறு ஓடும் ஆண்டுகளில் அதன் புழுக்களை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். அந்த ஆண்டு அடித்துப்போக வெள்ளம் வரவில்லை.

ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மலேரியா கிளம்பியது. டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் உச்சத்தைத் தொட்டது. 1935 நடுப்பகுதியில் அது தணிவதற்குள் ஏறத்தாழ 80,000 பேர் இறந்திருந்தார்கள். அப்போது இலங்கையின் மொத்தச் சனத்தொகையே சுமார் 55 இலட்சம். மிகக் கடுமையாக அடிபட்டவை கேகாலை, குருநாகல் மாவட்டங்கள். இந்த நாட்டின் எழுதப்பட்ட வரலாற்றில் இதற்கு ஈடான மலேரியாக் கொள்ளைநோய் வேறில்லை.

இதிலே ஒரு புதிர் இருக்கிறது. மலேரியாவுக்குப் பேர்போன பகுதி கேகாலை அன்று. அநுராதபுரமும் வன்னியும் கிழக்கின் காடுகளும்தான் காய்ச்சல் தேசம் என்று பெயர் வாங்கியவை. குளங்கள் நிறைந்த அந்த வரண்ட வலயத்தில் ஆண்டுதோறும் காய்ச்சல் இருந்தது. ஈரவலயத்தைச் சேர்ந்த கேகாலையோ மழையும் ஓடையும் பச்சையுமாக, ஒப்பீட்டளவில் காய்ச்சல் குறைந்த பூமி. ஆயினும் 1934இல் சாவு குவிந்தது கேகாலையில். வரண்ட வலயம் பெரும்பாலும் தப்பித்துக்கொண்டது. நல்ல இடத்தில் இருந்தவர்கள் ஏன் மடிந்தார்கள்?

இந்தக் கேள்விக்கு விடை தேட, நோய்கள் மக்களிடையே பரவுவதைப் பேசுவதற்கென்றே தொற்றுநோயியலாளர்கள் உருவாக்கி வைத்திருக்கும் சொற்கள் வேண்டும். கொரோனாக் காலத்தில் அவற்றில் பல நம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டன. ஆனால் வந்த வேகத்தில் பொருள் மங்கிப்போனது. கொள்ளைநோய் என்றால் நிறையப் பேர் நோயுறுவது என்று பலரும் நினைக்கிறார்கள். எண்ணிக்கை மட்டும் அதைத் தீர்மானிப்பதில்லை. ஓர் இடத்தில், ஒரு பருவத்தில் வழக்கமாக எத்தனை பேருக்கு அந்த நோய் வரும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்த வழக்கத்தைத் தாண்டி எகிறினால் அது கொள்ளைநோய். வழக்கமாக மாதம் ஆயிரம் பேர் காய்ச்சலில் விழும் ஊரில் ஆயிரம் பேர் விழுந்தால் அது கொள்ளைநோய் ஆகாது. யாருமே விழாத ஊரில் உள்ளூரிலேயே தொற்றி மூன்று பேர் விழுந்தால் மணி அடிக்க வேண்டும். இடத்தையும் காலத்தையும் சொல்லாமல் இந்தச் சொல்லுக்குப் பொருளே கிடையாது.

ஊரைவிட்டுப் போகாமல், ஏறக்குறைய ஒரே அளவில் தொடர்ந்து இருக்கும் நோயை நிலைகொண்ட நோய் என்கிறார்கள். எண்டமிக் என்பது இதைத்தான். இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தலைகாட்டுவது உதிரி நோய். கொள்ளைநோய் கண்டங்களைத் தாண்டினால் பெருந்தொற்று. இவை எதுவும் நோயின் கொடுமையை அளக்கும் சொற்கள் அல்ல. ‘கொரோனா இனி எண்டமிக் ஆகிவிடும்’ என்று 2022இல் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். நிலைகொண்ட நோய் என்றால் சாதுவான நோய் என்று எந்த அகராதியும் சொல்லவில்லை. வன்னியில் மலேரியா நூற்றாண்டுக் கணக்காக நிலைகொண்டிருந்தது. அங்கே அது ஆண்டுதோறும் பிள்ளைகளைக் கொன்றுகொண்டுதான் இருந்தது.

அந்தக் கொலையின் விலையாக, உயிர்தப்பி வளர்ந்தவர்களுக்கு ஒன்று கிடைத்தது. திரும்பத் திரும்பத் தொற்றுக்கு ஆளான உடல் ஒருவகை எதிர்ப்பைப் பெறுகிறது. அது நோயை முழுதாகத் தடுக்காது, ஆனால் சாவைத் தள்ளி வைக்கும். நோயோடு உடல் கொண்ட இந்தப் பழக்கத்தின் தடயத்தை வயிற்றைத் தொட்டே அறியலாம். மலேரியா அடிக்கடி வந்தவரின் மண்ணீரல் வீங்கி, இடது விலாவுக்குக் கீழே கையில் தட்டுப்படும். பழைய தமிழில் இதற்குக் காய்ச்சற்கட்டி என்று பெயர். ஒரு பகுதியில் உள்ள பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, நூற்றுக்கு எத்தனை பேருக்குக் கட்டி இருக்கிறது என்று எண்ணினால் கிடைப்பது மண்ணீரல் வீதம். இரத்தம் எடுக்கத் தேவையில்லை, நுணுக்குக்காட்டி தேவையில்லை. 1950இல் கம்பாலா நகரில் கூடிய மலேரியா மாநாடு இந்த வீதத்தை வைத்தே உலகத்தின் மலேரியாப் பகுதிகளைத் தரம் பிரித்தது. இரண்டு முதல் பத்து வயதுப் பிள்ளைகளில் கட்டி உள்ளவர்கள் நூற்றுக்குப் பத்துக்குள் இருந்தால் மலேரியா மெலிந்த இடம், ஐம்பது வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. எப்போதும் எழுபத்தைந்தைத் தாண்டி நிற்கிறதென்றால் அங்கே நோயும் மக்களும் பிரிக்க முடியாதபடி பின்னிக்கிடக்கிறார்கள்.

கேகாலையின் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட பழக்கம் இல்லை. மழை ஒழுங்காகப் பெய்த நல்ல ஆண்டுகள் ஒவ்வொன்றும், காய்ச்சலைக் கண்டிராத பிள்ளைகளை ஊரில் சேர்த்துக்கொண்டே வந்தன. எதிர்ப்பாற்றல் அற்றவர்களின் இந்தச் சேமிப்பைத்தான் 1934இன் வறட்சி தீண்டியது. பாதுகாப்பாக இருந்ததே பலவீனமாகத் திரும்பிய இந்த வினோதத்தை நான் எண்ணி எண்ணி வியக்கிறேன். நிலைகொண்ட மலேரியா, நிலையற்ற மலேரியா என்று பிற்காலத்தில் பிரித்துச் சொன்னார்கள். முதலாவது ஒவ்வோராண்டும் கொஞ்சம் கொஞ்சமாக வரி வாங்கும். இரண்டாவது பல ஆண்டு சும்மா கிடந்துவிட்டு மொத்தமாகப் பறிக்கும்.

1934இன் கொள்ளைநோயை ஆராய்ந்து அறிக்கை எழுதியவர்களில் ஒருவர் சி. ஏ. கில். பஞ்சாபில் நீண்டகாலம் பணியாற்றியவர். அங்கே 1920களிலேயே மழையளவு, பிள்ளைகளின் மண்ணீரல் வீதம், தானிய விலை ஆகியவற்றை வைத்து அடுத்த பருவத்தில் மலேரியா எகிறுமா என்று முன்கூட்டியே சொல்லும் முறையை உருவாக்கியிருந்தார். காய்ச்சலைக் கணிக்கத் தானிய விலை எதற்கு என்று கேட்கத் தோன்றும். விலை ஏறினால் ஏழை வீட்டில் உலை கொதிக்காது. பட்டினி கிடக்கும் உடலில் காய்ச்சல் சாவாக மாறும். பஞ்சாபின் பெரிய கொள்ளைநோய்கள் கடும் மழையும் வெள்ளமும் வந்த ஆண்டுகளில் வந்தன. 1908இல் அப்படித்தான் மூன்று மாதங்களுக்குள் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் அங்கே மாண்டார்கள். இலங்கையின் ஈரவலயத்தில் இது தலைகீழ்: வறட்சிதான் எமன். ஒரே ஒட்டுண்ணிக்கு ஓரிடத்தில் வெள்ளமும் இன்னோரிடத்தில் வறட்சியும் வாசல் திறக்கின்றன. அந்தந்த மண்ணில் எந்த நுளம்பு, எப்படிப்பட்ட நீரில் பெருகுகிறது என்பதைப் பார்க்காமல் காய்ச்சலின் போக்கு புரியாது.

இனி எண்களுக்கு வருவோம். 1934–35 கொள்ளைநோயில் சுமார் 15 இலட்சம் பேர் நோயுற்றதாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. 55 இலட்சம் மக்களில் 15 இலட்சம் என்றால் நூற்றுக்கு இருபத்தேழு பேர். இது தாக்குவீதம். 80,000 சாவை மொத்தச் சனத்தொகையால் வகுத்தால் ஆயிரத்துக்குப் பதினான்கு, பதினைந்து பேர். இது இறப்பு வீதம். அதே 80,000ஐ நோயுற்றவர்களின் தொகையால் வகுத்தால் நூற்றுக்கு ஐந்துக்குச் சற்று மேல். நோயுற்றோரிடையே சாவு எத்தனை என்று சொல்லும் வீதம் இது. மேலே இருக்கும் எண் ஒன்றுதான். கீழே எதை வைத்து வகுக்கிறோம் என்பதில் கதை மாறிவிடுகிறது. வீட்டிலேயே கிடந்து பிழைத்தவர்கள் எந்தப் பதிவிலும் ஏறியிருக்க மாட்டார்கள். உண்மையில் நோயுற்றவர்கள் முப்பது இலட்சம் என்று வைத்துக்கொண்டால், கடைசி வீதம் சட்டென்று பாதியாகிவிடும். ‘இந்த நோயில் நூற்றுக்கு இத்தனை பேர் சாகிறார்கள்’ என்று யாராவது சொன்னால், எந்த நூறு பேர் என்று கேளுங்கள். வைத்தியசாலைக்கு வந்த நூறு பேரா, தொற்றிய நூறு பேரா, ஊரில் உள்ள நூறு பேரா?

சாவின் எண்ணிக்கையைக் கண்டறிய வேறொரு நேரிய வழி உண்டு. காரணத்தை விட்டுவிட்டு, வழக்கமாக அந்த மாதங்களில் எத்தனை பேர் இறப்பார்கள், இந்த முறை எத்தனை பேர் இறந்தார்கள் என்று கழித்துப் பார்ப்பது. மிகை இறப்பு என்பது இதுதான். இலங்கையில் 1867 முதலே பிறப்பும் இறப்பும் சட்டப்படி பதிவாகி வந்ததால் இங்கே அந்தக் கழித்தலுக்கு வழி இருந்தது. கிராமப் பதிவாளர் ஒருவர் பேரேட்டில் சலிக்காமல் எழுதி வைத்த வரிகள், வாழ்ந்த சுவடே இல்லாமல் போயிருக்கக்கூடிய பிள்ளைகளைக் கணக்கில் கொண்டுவந்தன. சாவுப் பதிவை அலுவலகச் சடங்காக மட்டும் பார்க்கக் கூடாது என்று நான் உறுதியாக நம்புவது இதனால்தான்.

அந்தச் சாவுகளுக்கு நுளம்பு மட்டுமே பொறுப்பில்லை. உலகப் பொருளாதார மந்தத்தில் றப்பரும் தேங்காயும் விலை வீழ்ந்து, தோட்டங்களில் வேலை குறைந்து, பல தமிழ்த் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டிருந்த காலம் அது. வறட்சியில் வயலும் விளையவில்லை. மலேரியாவுக்குக் கொயினா மாத்திரை கொடுத்தாலும், அதை விழுங்கி எழுந்து நிற்க உடம்பில் சத்து வேண்டும். இடதுசாரிச் சூரியமல் இயக்கத்தின் இளைஞர்கள் கேகாலைக் கிராமங்களுக்குள் போய் மருந்தோடு உணவும் கொடுத்தது இதை உணர்ந்துதான். வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் என். எம். பெரேராவும் அவர்களில் இருந்தார்கள். 1935 டிசம்பரில் இந்த வட்டத்திலிருந்தே லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. மறு ஆண்டுத் தேர்தலில் பெரேரா கேகாலை மாவட்டத்து ருவன்வெல்லைத் தொகுதியில் வென்றார். ஒரு காய்ச்சல் ஒரு மாவட்டத்தின் அரசியலையே திருப்பிப்போட்டது.

ஒருவருக்கு வந்த நோய் எத்தனை பேருக்குப் போகும்? தொற்றுநோயியலின் நடுநாயகமான கேள்வி இது. எதிர்ப்பாற்றல் யாருக்குமே இல்லாத ஊரில் ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்கு நோயைக் கொடுப்பார் என்பது அடிப்படைப் பெருக்க எண். அது ஒன்றுக்கு மேல் இருந்தால் நோய் வளரும். ஒன்றுக்குக் கீழ் போனால் தானாகவே அணையும். மலேரியாவில் ஒரு சுற்று, அதாவது மனிதரிலிருந்து நுளம்புக்குப் போய் மீண்டும் இன்னொரு மனிதரைத் தொற்றாளராக்க, ஏறக்குறைய ஒரு மாதம் எடுக்கும். பெருக்க எண் ஐந்து என்றால் ஒருவர் ஐவராவார். பின்பு இருபத்தைந்து, நூற்றிருபத்தைந்து, அறுநூற்றிருபத்தைந்து. நான்கே மாதத்தில் ஒரு தோட்டத்தின் எல்லா லயங்களும் படுத்துவிடும். ஒக்டோபரில் கிளம்பிய காய்ச்சல் ஜனவரியில் உச்சம் தொட்டதில் ஆச்சரியமில்லை.

சுற்றுக்கு எடுக்கும் இந்தக் காலத்தில் ஒரு பகுதி நோயரும்பு காலம்: கிருமி உள்ளே போனதற்கும் அறிகுறி வெளியே தெரிவதற்கும் இடைப்பட்ட நாட்கள். நம் முன்னோர் இந்தச் சொல்லை அறியாமலே அதற்குள் வாழ்ந்தவர்கள். தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்களை மண்டபம் முகாமில் சில நாட்கள் நிறுத்தி வைத்துத்தான் இலங்கைக்கு அனுப்பினார்கள். வாந்திபேதி தொற்றியவருக்குச் சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாட்களுக்குள் அறிகுறி தெரிந்துவிடும். அந்த நாட்களைக் கடக்கவிட்டால் யார் சுமந்து வருகிறார் என்று தெரியும் என்பது கணக்கு. மலேரியாவுக்கு இந்த வித்தை எடுபடாது. அதன் அரும்பு காலம் பெரும்பாலும் பத்து முதல் பதினைந்து நாள். விவக்ஸ் வகை ஒட்டுண்ணி ஈரலில் மாதக்கணக்காக உறங்கிவிட்டுக்கூட எழும்பும்.

பெருக்க எண்ணை மலேரியாவுக்குக் கணக்கிடும் வழியைத் தொடங்கி வைத்தவர் ரொனால்ட் ரோஸ். 1897 ஓகஸ்ட் 20 அன்று செகந்தராபாத்தில் நுளம்பின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டவர் அவர். நுளம்பை அடியோடு ஒழிக்க வேண்டியதில்லை, குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறைத்தாலே நோய் அணைந்துவிடும் என்று கணிதத்தால் வாதிட்டார். 1950களில் ஜோர்ஜ் மக்டொனால்ட் அந்தக் கணக்கைக் கூர்மையாக்கினார். அதிலிருந்து வெளிவந்த ஓர் உண்மை என்னை இன்றும் மயிர்க்கூச்செறியச் செய்வது: நுளம்புகள் எத்தனை என்பதைக் காட்டிலும், அவை எத்தனை வயது வரை வாழ்கின்றன என்பதுதான் பெரிது.

காரணம் எளிது. நோயாளியின் இரத்தத்தைக் குடித்த நுளம்பு உடனே நோயைக் கொடுக்காது. ஒட்டுண்ணி அதன் உடலுக்குள் வளர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய நம் வெப்பத்தில் ஏறக்குறைய பத்து நாள் வேண்டும். அதுவரை உயிரோடிருக்கும் நுளம்பு மட்டுமே ஆபத்தானது. ஒவ்வொரு நாளும் நூற்றுக்குப் பத்து நுளம்புகள் சாகின்றன என்று வைத்துக்கொள்வோம். பத்து நாள் கழித்து நூற்றில் முப்பத்தைந்து எஞ்சும். நாளொன்றுக்கு நூற்றுக்கு முப்பது சாகும்படி செய்துவிட்டால் பத்தாம் நாள் எஞ்சுவது மூன்றே மூன்று. தினசரிச் சாவை மும்மடங்கு ஆக்கியதில் ஆபத்து பன்னிரண்டில் ஒரு பங்காகிவிட்டது. 1946 முதல் இலங்கையில் வீட்டுச் சுவர்களுக்கு டீ.டீ.ற்றி. தெளித்ததன் சூட்சுமம் இது. இரத்தம் குடித்துவிட்டுச் சுவரில் ஓய்வெடுக்கும் நுளம்பு நஞ்சைத் தொடுகிறது. கிழமாகும் முன்பே சாகிறது. உயரமான தோட்டங்களில் மலேரியா குறைந்திருந்ததற்கும் இதே கணக்கில் விடை உண்டு. குளிர் கூடக்கூட ஒட்டுண்ணி மெதுவாக வளரும்; அது முதிர்வதற்குள் நுளம்பின் ஆயுள் முடிந்துவிடும்.

இந்தப் பெருக்க எண் பொருந்தாத தொற்றுகளும் உண்டு. இன்று கேகாலையிலும் இரத்தினபுரியிலும் அஞ்ச வேண்டிய எலிக்காய்ச்சல் அப்படிப்பட்டது. எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் வயல்நீரிலும் இருந்து, காலில் உள்ள வெட்டுக்காயம் வழியாகக் கிருமி உள்ளே நுழைகிறது. ஒரு நோயாளியிடமிருந்து பக்கத்தில் இருப்பவருக்கு அது போவதில்லை என்றே சொல்லலாம். இங்கே எலிதான் தேக்கம். மனிதர் வழியின் முட்டுச்சந்து. ஆகவே நோயாளியை ஒதுக்கி வைப்பதில் பயனில்லை. சேற்றில் இறங்குபவருக்குச் சப்பாத்தும், முன்கூட்டியே பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தரும் டொக்சிசைக்கிளின் மாத்திரையும்தான் காப்பு. எந்த நோய் எந்த வழியில் பரவுகிறது என்ற ஒரு சொல், என்ன செய்ய வேண்டும் என்பதையே மாற்றிவிடுகிறது.

பரவும் வழி தெரியாவிட்டால் வீண் அச்சமும் வரும். 2016 மே 17 அன்று அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மண்ணுக்குள் போனார்கள். இப்படிப்பட்ட பேரிடரின் பின்னே, மீட்கப்படாத உடல்களால் கொள்ளைநோய் வரும் என்ற அச்சம் எங்கும் கிளம்பும். உலக சுகாதார நிறுவனம் இதைத் திரும்பத் திரும்ப மறுத்திருக்கிறது: காயத்தால் இறந்தவரின் உடலிலிருந்து ஊருக்குக் கொள்ளைநோய் பரவுவது மிக அரிது. துயரத்தில் இருப்பவர்களை அவசர அவசரமாகக் கூட்டுப் புதைகுழிக்கு நெருக்குவது கொடுமை. உயிரோடிருப்பவர்கள் நெருக்கி அடைந்திருக்கும் முகாமின் குடிநீரும் மலசலகூடமும்தான் கவனத்துக்குரியவை. அங்கே ஒரே கிணற்று நீரைக் குடித்தவர்கள் ஒரே நாளில் வயிற்றுப்போக்கில் விழுந்தால், அது ஒரே மூலத்திலிருந்து வந்த திடீர்ப் பரவல். நாள்வாரியாக வரைந்தால் வரைபடம் செங்குத்தாக ஏறிச் சட்டென இறங்கும். ஆளிடமிருந்து ஆளுக்குப் போகும் நோயோ அலை அலையாக ஏறும். வரைபடத்தின் வடிவமே, கிணற்றை மூடுவதா ஆட்களைப் பிரிப்பதா என்று சொல்லித் தரும்.

மலேரியாவின் கதைக்கு ஒரு பின்பாதி இருக்கிறது. டீ.டீ.ற்றி. தெளிப்பு தொடங்கிய பின் நோய் சரிந்து சரிந்து 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கு மட்டுமே வந்தது. வென்றுவிட்டோம் என்று கைகள் தளர்ந்தன. 1960களின் இறுதியில் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரோடு அது திரும்பி வந்தது. மீண்டும் நாற்பது ஆண்டு உழைப்புக்குப் பின், 2012 ஒக்டோபருக்குப் பிறகு உள்ளூர்த் தொற்று இல்லை என்றானது. 2016 செப்டெம்பர் 5 அன்று உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று சான்றளித்தது.

அற்ற நாடு என்றால் நோயாளியே இல்லாத நாடு என்று பொருளில்லை. வெளிநாட்டில் தொற்றி இங்கே வந்தவர் ‘வெளியிலிருந்து வந்த நோயாளி’. அவரைக் கடித்த நம் ஊர் நுளம்பால் இன்னொருவருக்கு வந்தால் அவர் ‘புகுத்தப்பட்ட நோயாளி’. அங்கிருந்தும் சங்கிலி நீண்டு ஊரோடு ஊராகிவிட்டால் அது ‘உள்ளூர் நோய்’. சான்றிதழ் அப்போதுதான் ஆட்டம் காணும். 2018 டிசம்பரில் மொனராகலை மாவட்டத்தில் இரண்டாம் வகையைச் சேர்ந்த ஒருவர் கண்டுபிடிக்கப்பட்டார். இந்தியாவிலிருந்து வந்து அருகில் தங்கியிருந்த தொழிலாளியிடமிருந்து வந்த தொற்று அது. சங்கிலி அங்கேயே அறுக்கப்பட்டது. குலிசிபேசிஸ் நுளம்பு எங்கும் போய்விடவில்லை. 2016இல் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்ற புதிய நுளம்பும் கண்டறியப்பட்டது. நகரத்துக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் வளரும் வகை அது. இன்றைய நிலையை 1934இன் சொற்களில் சொன்னால், நாடு முழுவதும் காய்ச்சலை அறியாத பிள்ளைகள். முழு இலங்கையும் இப்போது ஒரு கேகாலை.

ஆகவே சப்ரகமுவத் தோட்டங்களிலும் நகரங்களிலும் இருக்கும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். மாணிக்க வியாபாரத்துக்கு மடகஸ்காருக்கும் மற்ற ஆபிரிக்க நாடுகளுக்கும் போய் வருபவர்கள் இங்கே இருக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கோயில்களுக்கும் சபரிமலைக்கும் போய் வருபவர்கள் இன்னும் பலர். மலேரியா உள்ள நாட்டுக்குப் புறப்படும் முன் மலேரியாத் தடை இயக்கத்திடம் தடுப்பு மாத்திரை இலவசமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வந்து ஓராண்டுக்குள் காய்ச்சல் கண்டால், டெங்கு என்று நீங்களே முடிவு கட்டாமல், எங்கே போய் வந்தீர்கள் என்பதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள். மலேரியாவுக்கு இரத்தம் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள்.